கடைவீதி வழியாக

மே 6

கிட்டங்கியைக் கம்பெனிக்காரர்களுக்கு ஒன்பது வருட வாடகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று பகல் பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்தாயிற்று. கம்பெனிக்காரர்கள் என்றால் ஊருக்கு ஊர் ஒரே பச்சை போர்டு, ஒரே கண்ணாடிக் கதவு வைத்துச் சூப்பர் மார்க்கெட் திறப்பார்களே, அவர்கள். தென்காசியில் ஒன்று இருக்கிறது, எங்கள் ஊருக்கு இது முதல்.

தீப்பெட்டிக் கம்பெனி நொடித்தபோது, அவர்கள் சரக்கு அடைத்து வைத்திருந்த அந்தக் கிட்டங்கியை நான் வாங்கினேன். பாத்திரக்காரி பேரின்பத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துத் தெருத் தெருவாகக் கூடை சுமந்தவளுக்கு எது எப்போது விலைக்கு வரும் என்று தெரியாதா? கடைவீதியில் லாரி திரும்ப இடம் உள்ள கட்டடம் அது ஒன்றுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எல்லாவன் வயித்தெரிச்சலையும் மொத்தமா கொள்முதல் பண்ணிட்டியே ஏளா” என்றார். சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கிவிட்டார். நான்கு நாளாகவே சாப்பாடு இப்படித்தான்.

மே 9

லிங்கதுரை அண்ணாச்சி என் பாத்திரக் கடைக்கு வந்தார். அரிசிக்கடை, வியாபாரிகள் சங்கத் தலைவர்.

“என்ன மைனி, கேள்விப்பட்டது நெசந்தானா?”

“நெசந்தான் அண்ணாச்சி.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்லா?”

“கேட்டா குடுங்கன்னு சொல்லியிருப்பியளா?”

“சொல்லியிருக்க மாட்டோம்.”

“அதான் கேக்கல.”

டீ சொன்னேன். என் கடையில் அவர் டீ குடிக்காமல் எழுந்து போனது இதுதான் முதல் தடவை. டீயை நானே குடித்தேன்.

ஜூன் 24

திருநெல்வேலி பெரிய டாக்டர் வீட்டுக்காரரின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரலில் கட்டி. மற்ற இடத்துக்கும் பரவியிருக்கிறதாம். “வீட்லயே வச்சு நல்லபடியா பாத்துக்கங்கம்மா” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காரில் வரும்போது இவர் கேட்டது, “கிட்டங்கிக்குக் கண்ணாடி மாட்டிட்டானா?”

குத்துவிளக்கு வியாபாரியை இன்று வரச் சொல்லியிருந்தேன். வந்து காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜூலை 12

கம்பெனிக் கடை திறந்தார்கள். திருவிழாக் கூட்டம். பொங்கலுக்குக்கூடக் கடைவீதிக்கு வராத ஆட்கள் எல்லாம் கூடையைத் தள்ளிக்கொண்டு குளிர்ச்சியில் நடக்கிறார்கள். லிங்கதுரை அண்ணாச்சி வீட்டம்மாவையும் பார்த்தேன். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அரிசி இருக்கும் பக்கம்தான் நின்றாள்.

மேனேஜர் நவநீதன் ஈரோட்டுப் பையன். டையும் ஷூவும், நெற்றியில் வேர்வையும். பில் போட உட்கார்ந்திருப்பது மாசானத்தின் மகள் கனகமணி. மாசானம் ஊரில் எந்தச் சாவுக்கும் சங்கு ஊதுகிறவன், ஓடைக்கரைத் தெரு. அந்தத் தெருப் பிள்ளைகளைக் கடைவீதியில் இதுவரை யாரும் கல்லாப்பக்கம் உட்கார வைத்ததில்லை. நானும்தான் வைத்ததில்லை. கம்பெனிக்காரனுக்கு எந்தத் தெரு என்று கேட்கத் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை மட்டும் கேட்டிருக்கிறான்.

கனகமணி என்னைப் பார்த்து, “வாங்கம்மா, மெம்பர் கார்டு இருக்கா?” என்றாள். இல்லை என்றேன். போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 30

மோசமான நாள்.

பூக்கடை இசக்கியப்பனின் அப்பா தவறிவிட்டார். எங்கள் ஊரில் சாவை எடுத்துக் கடைவீதி வழியாகக் கொண்டு போவார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் இரண்டு பக்கமும் கடைகளில் ஷட்டர் இறங்கும். பாடை கடந்த பிறகுதான் ஏறும். செத்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவனும் இறக்குவான். யாரும் சொல்லித் தந்ததில்லை, கை தானாகப் போகும்.

இன்றும் இறங்கியது. கம்பெனிக் கடையைத் தவிர. கண்ணாடிக்குள் எல்லா விளக்கும் எரிந்தது. வாசல் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பாடை அதற்கு நேரே வந்ததும் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். நடுவழியில் பாடையை இறக்கக் கூடாது. இறக்கினார்கள்.

“லைட்ட அமத்துலே!”

நவநீதன் ஓடி வந்து கும்பிட்டான். “சார், ரீஜனல் ஆபீஸ்ல கேக்காம ஆஃப் பண்ணக் கூடாதுங்க சார். அஞ்சு நிமிசம் குடுங்க, போன் போட்டிருக்கேன்.”

“பொணத்தக் காக்க வைக்கியோ?”

ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான். உள்ளே கனகமணியும் மற்ற பெண்களும் கண்ணாடியை விட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். நான் கடையிலிருந்து ஓடிப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினேன். மீட்டர் என் பெயரில்தான் இருக்கிறது. விளக்கு போனது, அந்தப் பெண் குரல் பாதி வார்த்தையில் நின்றது. பாடையைத் தூக்கினார்கள்.

கொள்ளிச்சட்டியோடு நின்ற இசக்கியப்பன் என்னைப் பார்த்து, “எங்கப்பாவ நடுரோட்டுல எறக்க வச்சிட்டியளே அக்கா” என்றான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 1

சங்கத்தில் அவசரக் கூட்டம். நானும் உறுப்பினர், போனேன். அங்கே ஒரே பொம்பளை நான்தான்.

லிங்கதுரை அண்ணாச்சி தீர்மானத்தை வாசித்தார். கம்பெனிக் கட்டடத்தின் உரிமையாளர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் சங்கத்துக் கடைகள் எதுவும் ஷட்டரை இறக்காது.

எந்த வீடு, யாருடைய துக்கம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கை தூக்கும்போது ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. இவரோடு சேர்ந்து கபடி ஆடியவர்கள் இருந்தார்கள். அவர்களும் தூக்கினார்கள்.

“என் வீட்டுச் சாவுக்கு என் கடை ஷட்டரையாவது நான் எறக்கலாமா, இல்ல அதுக்கும் தடையா?” என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 2

இவரிடம் சொல்லவில்லை. ஆனால் இவரைப் பார்க்க வந்த மாசானம் சொல்லிவிட்டான். இரண்டு பேரும் சிறு வயதுக் கூட்டாளிகள். மாசானம் வந்தால் வாசல் நடையில்தான் உட்காருவான். இப்போது இவர் கட்டிலில் கிடப்பதால் அறைக்குள் வருகிறான்.

கஞ்சி கொண்டு போனபோது இவர், “எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என்னையக் குளத்துக்கரை வழியா கொண்டு போயிருங்க” என்றார். “மாசானம் பொஞ்சாதி போன வழிதான. நல்லா காத்து வரும்.”

ஓடைக்கரைச் சாவுகள் குளத்துக்கரை வழியாகத்தான் போகும். கடைவீதிக்குள் வருவதில்லை. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. மாசானம் தரையைப் பார்த்தான்.

“உங்களக் கடைவீதி வழியாத்தான் கொண்டு போவேன்” என்றேன்.

“அவனுவ எறக்கலைன்னா?”

“எறக்க வைப்பேன்.”

“வெல பேசப் போறியாக்கும்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது.

ஆகஸ்ட் 5

நவநீதனைக் கூப்பிட்டுப் பேசினேன். சாவு போகும்போது விளக்கு, பாட்டு, கதவு மூன்றையும் நிறுத்த வேண்டும் என்றேன். ரீஜனல் ஆபீசுக்குப் போன் போட்டுக் கையில் தந்தான். அந்தப் பக்கம் ஒரு பெண். வியாபார நேரத்தில் கடை திறந்திருப்பது கம்பெனிக் கொள்கை, ஒப்பந்தத்தில் இப்படி எதுவும் கிடையாது என்றாள். உண்மை. ஒப்பந்தத்தை வாசித்துத்தான் கைரேகை வைத்தேன்.

ஒப்பந்தத்தில் கிடையாதது இன்னொன்றும் இருக்கிறது. கட்டடத்துக்குப் பக்கவாட்டில், மெயின்ரோட்டிலிருந்து கடைவீதி வரை லாரி போகிற சந்து. அதற்குத் தனிப் பட்டா. வாய்வார்த்தையாக விட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6

சந்தின் இரண்டு முனைக்கும் இரும்புக் கேட் மாட்டிப் பூட்டினேன். பிறகு கல்யாண வீட்டுச் சீர்ப் பாத்திரம் பேக்கிங். அண்டாவில் ஒன்று ஒடுங்கியிருந்தது, மாற்றிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10

கம்பெனி லாரி கடைவீதி நடுவில் நின்று சரக்கு இறக்குகிறது. பஸ் திரும்ப முடியவில்லை. போலீஸ்காரர் அபராதம் எழுதினார். அதோடு விடாமல், இனிப் பகலில் எந்தக் கடைக்கும் லாரி கடைவீதிக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். லிங்கதுரை அண்ணாச்சியின் அரிசி மூட்டைகள் மெயின்ரோட்டிலிருந்து தள்ளுவண்டியில் வருகின்றன. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13

கம்பெனி இறங்கி வந்தது. நவநீதன் கூடுதல் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்தான். சந்து அவர்களுக்கு, அதிகாலையில் மட்டும். பதிலுக்கு, சங்கு கேட்டதிலிருந்து பாடை கடக்கும்வரை விளக்கும் பாட்டும் நிற்கும், கதவு சாத்தியிருக்கும்.

பேனாவைத் திறந்தவன் கேட்டான், “மேடம், யாரோட சாவுக்கெல்லாங்க? எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு லிஸ்ட் மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?”

ஊர்க்காரன் ஒருவனும் இப்படிக் கேட்க மாட்டான்.

“எல்லாச் சாவுக்கும்னு எழுது” என்றேன்.

“எந்த ஏரியாவா இருந்தாலுங்களா?”

“ஒனக்குத்தான் ஏரியா தெரியாதே. எழுது.”

ஒப்பந்தம் என்றால் ஒரே வாசகமாக இருக்க வேண்டும். நாளைக்கு வியாக்கியானம் வரக் கூடாது. அதற்காகத்தான் அப்படி எழுதச் சொன்னேன், வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 17



காலையில் கடையில் பெண் வீட்டாருக்குக் குத்துவிளக்கு காட்டிக்கொண்டிருந்தேன். சங்கு கேட்டது. எங்கள் தெருவிலிருந்து. மாசானம் ஊதினால் கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும், அதே இழுப்பு.

காலையில்தான் கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார்.

விளக்கு கையில் இருக்க அப்படியே தெருவில் இறங்கினேன். யாராவது இறக்குகிறார்களா என்று பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன். இசக்கியப்பன் பூக்கடைக்கு ஷட்டர் கிடையாது, சாக்குப் படுதாதான். அது முதலில் இறங்கியது. பிறகு நாட்டு மருந்துக் கடை. பிறகு செருப்புக் கடை, ஜவுளிக்கடை, வரிசையாக, இரண்டு பக்கமும். லிங்கதுரை அண்ணாச்சி ஷட்டரைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். பாதி வரை இழுத்து அப்படியே விட்டார். கம்பெனிக் கடை இருட்டானது. ஓடினேன்.

வீட்டில் இவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாசானம் சங்கைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கி நின்றான்.

“நான் மாட்டேம்னுதான் சொன்னேன் தாயி. இவுக விடல.”

“எத்தன விழுந்துச்சு ஏளா?” என்றார் இவர்.

“உங்களுக்கு அறிவு இருக்கா?”

“மொத்தமா எடுக்கும் முன்ன சாம்பிள் பாக்கணும்னு நீதான சொல்லுவ? சத்தத்த வச்சே பாத்தேன். ஜவுளிக்கடக்காரன் இன்னும் கிரீஸ் போடல. லிங்கதுரை சத்தம் முழுசா கேக்கலியே, பாதில விட்டானா?”

விளக்கை எறிந்திருப்பேன். பெண் வீட்டார் பேசி முடித்த விளக்கு, கீழே வைத்துவிட்டேன். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் குடித்தேன். வெளியே வந்தபோது இரண்டு கிழவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 18

லிங்கதுரை அண்ணாச்சி ஆள் அனுப்பினார். சாவு என்ன விளையாட்டா, ஊரையே முட்டாளாக்கிவிட்டீர்களே, இனி உண்மையான சங்கு கேட்டாலும் ஒருவனும் இறக்க மாட்டான் என்றாராம்.

ஆகஸ்ட் 23

இவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் என்னைத் தேடுகிறது. கடைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 29

இருபத்தேழாம் தேதி விடியற்காலை இவர் போய்விட்டார். இரண்டு நாளாக எழுத உட்கார முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து முந்தின நாளே கிளம்பியிருந்த மகன் காலையிலேயே வந்துவிட்டான். ஐஸ் பெட்டி அவனே ஏற்பாடு செய்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அம்மா, ஷட்டர் பிரச்சினை எல்லாம் சித்தப்பா சொன்னாரு. எதுக்கும்மா அசிங்கம்? வேன் சொல்லிருக்கேன். பைபாஸ் வழியா நேரா சுடுகாட்டுக்குப் போயிரலாம்.”

“ஒங்கப்பா சரக்காலே, வேன்ல ஏத்த?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. அழுதான். சமாதானம் சொல்ல எனக்கு நேரமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். “பொணத்தப் போட்டுட்டு எங்கட்டி போறா?” என்று நாத்தனார் கேட்டது காதில் விழுந்தது. இன்னும் தாலி கழற்றவில்லை. கழற்றிவிட்டால் வெளியே விட மாட்டார்கள். அதனால்தான் அப்போதே போனேன்.

சங்கத்தில் லிங்கதுரை அண்ணாச்சியும் நிர்வாகிகளும் கூடியிருந்தார்கள். எனக்கு முன்னால் சேதி போயிருந்தது.

“மைனி, இந்த நேரத்துல நீங்க வரலாமா? சொல்லி அனுப்பியிருந்தா நாங்க வந்திருப்போம்லா.”

“துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வந்திருப்பிய. ஷட்டர் எறக்க வர மாட்டியள்லா. அதான் நான் வந்தேன்.”

“தீர்மானம் போட்டாச்சு. அன்னைக்கு நடந்த கூத்து வேற.”

“தீர்மானத்த மாத்த என்ன வேணும்? அதச் சொல்லுங்க.”

“இதென்ன ஏவாரமா மைனி?”

“ஏவாரந்தான் அண்ணாச்சி. நீங்க ஆரம்பிச்சதுதான. சாவுக்கு வெல வச்சது நானா?”

இசக்கியப்பன் மட்டும், “நான் எப்படியும் எறக்குவேன். தீர்மானம் எனக்கு வேண்டாம்” என்று எழுந்தான். அண்ணாச்சி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “சந்து” என்றார்.

மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பகல் லாரி நின்று வியாபாரம் படுத்துவிட்டது, கம்பெனிக்காரனுக்கு மட்டும் கேட் திறக்கிறது, நாங்கள் மூட்டைக்கு மூட்டை தள்ளுவண்டிக் கூலி கொடுக்கிறோம் என்றார்கள். இதற்காகத்தான் வந்திருந்தேன். ஆனால் உடனே தலையாட்டினால் இன்னும் கேட்பார்கள். யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். உண்மையில் யோசித்தது ஐஸ் பெட்டிக்குள் இவருக்குக் குளிருமே என்றுதான்.

“சந்த சங்கத்து பேருக்கு எழுதிக் குடுங்க” என்றார் அண்ணாச்சி.

“எழுத மாட்டேன். பொழங்கிக்கலாம். என் ஆயுசு வரைக்கும், வாடகை இல்லாம.”

“உங்களுக்கப்புறம்?”

“எனக்கப்புறம் எம்மகன்கிட்ட வெல பேசுங்க. அவன் வேன் ஏற்பாடு பண்ணுத ஆளு, ஈசியா படிவான்.”

ஒருவர் சிரித்து, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி தலையாட்டினார்.

“இன்னொண்ணு இருக்கு” என்றேன். “இனி எந்தச் சாவுக்கும் எறக்கணும். ஓடைக்கரை உட்பட. அவங்களும் கடைவீதி வழியா வரட்டும்.”

அறை மாறிவிட்டது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

“அது வேற விசயம் மைனி. அதையும் இதையும் கலக்காதிய. பழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா.”

“கம்பெனிக்காரனுக்குப் பழக்கம் தெரியாது அண்ணாச்சி. எல்லாச் சாவுக்கும்னு கையெழுத்துப் போட்டுட்டான். நாளைக்கு அவங்க கடைவீதியில வரத்தான் போறாங்க, அங்க கல்லால உக்காந்திருக்கது அவங்க பிள்ளைய. அன்னைக்கு அவன் கட இருட்டாயிரும். உங்க கடையில லைட் எரியும். ஊரு எந்தக் கடைக்கு நல்ல பேரு குடுக்கும்? எந்தக் கடைக்குக் கூடையத் தூக்கிட்டுப் போகும்?”

“பயங்காட்டுதியளோ?”

“கணக்குச் சொல்லுதேன்.”

அப்போது எங்கள் தெருவில் சங்கு ஆரம்பித்தது. குளிப்பாட்டத் தூக்குகிறார்கள். வாசலில் நாத்தனார் மகன் மூச்சு வாங்க நின்றான். “அத்த, உங்களத் தேடுதாவ. நேரமாச்சு.”

நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

“இப்ப சொல்ல முடியாதுன்னா என்ன செய்விய?” என்றார் அண்ணாச்சி.

“இங்கயே இருப்பேன். நான் போகாம அங்க எடுக்க மாட்டாங்க. எவ்வளவு நேரமானாலும்.”

சங்கு மறுபடி கேட்டது. ஜவுளிக்கடைக்காரர் பொறுமையிழந்து, “சரின்னு சொல்லித் தொலையும்வே, பாவம் மனுசன் காத்துக் கெடக்கான்” என்றார்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி மைனி. எழுத வேண்டாம். எங்க வாய்வார்த்த போதும்லா?”

“எழுதுங்க அண்ணாச்சி.”

எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். முனையில் நின்றேன். மாசானம் முன்னால் ஊதிக்கொண்டு போனான். கடைவீதி கண்ணுக்குத் தெரியவில்லை, ஷட்டர் இறங்குகிற சத்தம் மட்டும் வந்தது. முழுதாக வந்தது.

பேசி முடித்தது இதுதான். சந்து என் பட்டாவிலேயே இருக்கும். அதிகாலையில் கம்பெனி லாரி, அதன் பிறகு பொழுது சாயும்வரை சங்கத்துக் கடைகளின் லாரிகள், என் ஆயுசு வரை வாடகை இல்லாமல். பதிலுக்கு, சங்கு கேட்டதும் கடைவீதியில் எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கும், பாடை கடந்த பிறகுதான் ஏற்றும். எந்தத் தெருச் சாவாக இருந்தாலும்.